குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில்

சோற்றிலிருந்து ஒன்றைப் பொறுக்கி
விரல்நுனியில் ஏற்றிக் காட்டினாள் பூவிழி.
"கடுகும்மா."
வெறும் சோறு அது.
தாளிக்கவே இல்லை.

மாடிக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தேன்.
உள்ளே கருப்பு முழுக்கச்
சட்டை உரிக்கிற ஓணான் போல எழும்பி நின்றது.
சட்டியைத் திறந்த போதெல்லாம்
கொஞ்சம் உதிர்ந்திருக்கும்.

கொண்டலாம்பட்டி பழைய இரும்புக் கடையில்
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய சூரிய அடுப்பு.
அலுமினியம் வெளுத்திருந்ததால்
போன சித்திரையில் நானேதான் அடித்தேன் அந்தக் கருப்பை,
கரும்பலகைக்கு அடித்தது போக மிஞ்சியதை.
டின் இன்னும் பரணில் இருந்தது. திருப்பினேன்.
மரத்துக்கும் இரும்புக்கும் மட்டும்.
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

எட்டாத இடத்தில்தான் வைத்திருந்தேன்
டின்னை.

செவ்வாய்ப்பேட்டை பெயிண்ட் கடையில் முஸ்தபா
அறுநூறு டிகிரி தாங்கும் ஒன்றை எடுத்து வைத்தார்.
"புல்லட் சைலன்சருக்கு அடிப்பாங்க. உரியவே உரியாது."
"இதுல சோறு பொங்கலாமா அண்ணே?"
கண்ணாடியைப் போட்டு டின்னைப் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"சைலன்சர்ல யாரும் பொங்கினதில்லம்மா."
எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

பட்டறையில் என் வேலை மெருகு.
பூந்திக்கொட்டை நுரையில் பித்தளை பிரஷ் போட்டு
ஒரு நாளைக்கு நாற்பது ஜோடிக் கொலுசு.
கருத்து வரும் வெள்ளியை
முகம் தெரியுமட்டும் தேய்த்து அனுப்புகிறவள்
ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் குந்தி
பளபளப்பு வந்துவிடக் கூடாதே என்று
உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன்.
மினுங்கினால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.
அனுப்புவது மேல்மூடிக் கண்ணாடியின் வேலை.
இது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சுரண்டியதைப் பொட்டலம் கட்டிய பிறகுதான்
எங்கே போடுவதென்று தெரியவில்லை.
கிச்சிப்பாளையத்துக் குப்பையைக் கோழிகள் கிளறும்.
பொட்டலம் டின்னுக்குள் போனது.
டின் பரணுக்கு.

இரவு தோசை வார்க்கும்போது தோன்றியது:
இந்தக் கல்லுக்கு யார் பெயிண்ட் அடித்தார்கள்?

நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை எண்ணெய் கால் லிட்டர்.
"வார்னிஷுக்கு விக்கிறது வேண்டாம்,
குடிக்கிறது குடுங்க."
அகல் மேல் தட்டைக் கவிழ்த்து
இரண்டு இரவு புகை பிடித்தேன்.
கண்மைக்கா என்று கேட்டாள் கீழ்வீட்டு ரெஜினாள்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கரியை எண்ணெயில் குழைத்துத் துணியால் தடவி,
தடவியதையெல்லாம் துடைத்து,
தடவவே இல்லை என்று சொல்லுமளவு துடைத்து
வெயிலுக்கு விட்டேன்.
மறுநாள் இன்னொரு பூச்சு. அதற்கும் மறுநாள்.
கண்ணாடி வியர்த்தது. மீன் வாடை.
ஐந்தாம் நாள் சேர்வராயன் மலையிலிருந்து
மேகம் நகரத்துக்கு இறங்கிவிட,
விரல் வைத்தால் பிசுக்கு.
நாக்பூர் தாண்டி லாரியை ஓரங்கட்டியவர் போனில் கேட்டார்,
"சிலிண்டர் இருக்குல்ல?"
இருக்கிறது.
அறுபது நாள் வரவேண்டும் அது.

ஒன்பது பூச்சு.
வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தேன்,
கொலுசைத் தேய்க்கிற அழுத்தம்.
துணி வெள்ளையாகவே இருந்தது.
புளித்தண்ணீரை நேரே தட்டில் ஊற்றி
ஒரு மதியம் முழுக்கச் சுடவைத்து,
கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்து,
குடித்தும் பார்த்தேன்.
புளித்தது. அவ்வளவுதான்.
அதற்குப் பிறகும் இரண்டு நாள்
நான் மட்டும் சாப்பிட்டேன் அதில் வெந்ததை.

இன்று எலுமிச்சம்பழச் சோறு.
பூவிழி சாப்பிட்டு எழுந்து போய்விட்டாள்.
தட்டின் ஓரத்தில்
ஒன்று விடாமல் ஒதுக்கி வைத்திருக்கிறாள்
கடுகை.
கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து
ஒவ்வொன்றாய் எடுத்துக்
கடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.